அம்மாவைக் கனடாவுக்குக் கூட்டிப்போக வேண்டும்: பிளேனில் அவருக்கு இரண்டு சீற் எடுப்பது எப்படி?

மானிப்பாய் மகள்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், அனுபவம் உள்ளவர்கள் பொறுமையாக வாசித்துப் பதில் சொல்லுங்கோ.

அண்ணா ரொறன்ரோவில் இருக்கிறார். தை மாதம் அவருக்கு மகள் பிறந்தாள், எங்கள் வீட்டின் முதல் பேரப்பிள்ளை. அம்மாவுக்கு விசா வந்துவிட்டது, ஆவணியில் நானும் அவரும் போவதாக இருக்கிறோம். அம்மாவுக்கு 63 வயது, நிறை 130 கிலோவுக்குக் கிட்ட. இரண்டு கால்களிலும் நிணநீர் வீக்கம், கிளினிக் போகத் தொடங்கியே பத்து வருடத்துக்கு மேலாகிறது. இடுப்பும் தொடையும்தான் பெரிது, மேல் உடம்பு அவ்வளவு இல்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பார்க்கிற ஆட்கள் எல்லோரும் "சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லுங்கோ" என்றுதான் கதையைத் தொடங்குவார்கள். அம்மா ஒரு நேரம் மட்டும் சோறு சாப்பிடுகிறவர். சாப்பிட்டு வந்த உடம்பாகவே இருந்தாலும், ஒரு மனிசியை நாலு பேருக்கு முன்னால் வைத்து அளக்க யாருக்கும் உரிமை இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் கொழும்பிலிருந்து சென்னைக்குப் போனோம். அம்மா சீற்றில் ஒருமாதிரி இருந்துவிட்டார், ஆனால் கைப்பிடி கீழே இறங்கவில்லை, பெல்ற்றும் ஒரு சாண் அளவு காணாது. பெல்ற்றை நீட்டுகிற துண்டு ஒன்று இருக்கிறதாம், அது வேண்டும் என்று அங்கே வேலை செய்த பிள்ளை பின்னால் நின்று முன்னால் நின்றவருக்குச் சத்தமாகக் கத்திக் கேட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர் எழும்பி நின்று தனக்கு வேறு இடம் வேண்டும் என்றார். அவரைப் பிழை சொல்லமாட்டேன், அவருக்கும் இடம் இல்லைத்தான். வேறு இடம் இருக்கவில்லை. இறங்கும்வரை அம்மா இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கி அடக்கி விட்டுக்கொண்டு இருந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. போகும்போது தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, குடித்தால் கழிவறைக்கு எழும்ப வேண்டி வரும் என்று. திரும்பி வந்தபிறகு இனி பிளேன் ஏறமாட்டேன் என்றுவிட்டார். பேத்தியின் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இப்போது மனம் இளகியிருக்கிறது.

நான் இரண்டு சீற்றுக்குக் காசு கட்டத் தயார். கொழும்புக்குப் போகிற இரவு பஸ்ஸிலும் அம்மாவுக்கு இரண்டு சீற்தான் எடுக்கிறோம், அது பழகிவிட்டது. ஆனால் ஒன்லைனில் பார்த்தால் ஒவ்வொரு சீற்றுக்கும் ஒரு பெயரும் பாஸ்போட் இலக்கமும் கேட்கிறது. அம்மாவின் பெயரையே இரண்டு தரம் போட்டால் ஏற்றுக்கொள்ளவில்லை. என் தங்கச்சியின் பெயரில் ஒன்றை எடுத்துவிட்டு அவள் வராமல் விடலாமா? பிறகு, கனடாவில் இப்படியானவர்களுக்கு இரண்டாவது சீற் இலவசம் என்று ஒரு சித்தி சொல்கிறார், அது உண்மையா? இந்த முறை அம்மா யாருடைய முகத்தையும் பார்த்துக் கூசாமல் போய் இறங்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.


டவுன் ரிக்கெற்காரன்:

தங்கச்சி, தயவுசெய்து மற்றவரின் பெயரில் எடுக்க வேண்டாம். யாழ்ப்பாணம் டவுனில் ஏஜென்சி ஒன்றில் பதினொரு வருடமாக ரிக்கெற் போடுகிறேன், இதை ஒருவர் செய்து பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவன். தம்பியின் பெயரில் பக்கத்துச் சீற்றை எடுத்தார். தம்பி வரவில்லை. செக்-இன் மூடியதும் கணினியில் அவர் வராதவர் என்று விழுந்து, அந்தச் சீற்றைக் காத்திருந்த வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. முதல் பயணத்துக்கு வராவிட்டால் அந்த ரிக்கெற்றில் மிச்சமுள்ள பயணங்களும் திரும்பி வருவதும் சேர்த்தே ரத்தாகும். அவர் கட்டிய காசு முழுவதும் போனதுதான்.

சரியான வழி வேறு. எயார்லைன்காரர்களிடம் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. அம்மாவின் ரிக்கெற்றோடு சேர்த்து, அதே குடும்பப் பெயரில், முதற்பெயர் வரவேண்டிய இடத்தில் இ-எக்ஸ்-எஸ்-ரி என்று போட்டு இரண்டாவது ரிக்கெற் அடிப்பார்கள். மேலதிக சீற் என்பதற்கான குறி அது. அப்போதுதான் அந்தச் சீற்றில் யாரும் வரப்போவதில்லை, ஆனால் காசு கட்டிய சீற் என்று அவர்களின் கணினிக்குத் தெரியும். பெரும்பாலான எயார்லைன்களின் வெப்சைட்டில் இதைச் செய்ய முடியாது, அவர்களின் அலுவலகத்துக்கு அழைத்துக் கதைக்க வேண்டும், அல்லது எங்களைப் போன்ற ஒருவர் மூலம் போடவேண்டும்.

இதில் கனபேர் பிழைவிடுகிற இடம், மாறி ஏறுகிற பயணம். நீங்கள் எப்படியும் வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ வேறெங்காவதோ மாறித்தான் ரொறன்ரோ போகவேண்டும். கொழும்பு கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து போகிற பிளேனுக்கு மட்டும் இரண்டாவது சீற் உறுதியாகி, அடுத்ததற்கு உறுதியாகாமல் இருக்கலாம். அதிலும் இரண்டாவது பிளேனை வேறு கம்பனி ஓட்டுவதாக இருந்தால் அவர்களிடமும் தனியாக உறுதி எடுக்க வேண்டும். ஆகவே முழுப் பயணமும் ஒரே கம்பனியின் பிளேனாகப் பார்த்து எடுங்கோ, பத்தாயிரம் இருபதாயிரம் கூடினாலும் பரவாயில்லை. இரண்டாவது சீற்றுக்கும் பொதி நிறை தருவார்களா என்பது ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு மாதிரி, காசு கட்ட முதல் கேளுங்கோ.

விலை முழு விலையா, கழிவு உண்டா என்பதும் அப்படித்தான். எயார் பிரான்ஸ் மேலதிக சீற்றுக்கு 25 வீதம் கழிவு கொடுக்கிறது. அமெரிக்காவில் அலாஸ்கா எயார்லைன்ஸ் முழுக்காசையும் முதலில் வாங்கிக்கொண்டு, பிளேனில் வேறு சீற் காலியாக இருந்திருந்தால் பிறகு திருப்பிக் கொடுக்கும். அங்கே சவுத்வெஸ்ட்தான் பல வருடங்களாக இதில் மிகத் தாராளமாக இருந்தது, வாசலில் வைத்துக் கேட்டாலே இரண்டாவது சீற் கிடைக்கும். 2026 ஜனவரி 27 முதல் அவர்களும் முன்கூட்டியே வாங்கத்தான் வேண்டும், நிபந்தனைகளோடுதான் காசு திரும்பும் என்று மாற்றிவிட்டார்கள். உங்கள் பாதையில் இவை வராது, ஆனால் யாராவது அமெரிக்க உறவினர் பழைய கதையை நம்பி ஆலோசனை சொன்னால் கேட்டு ஏமாறாமல் இருக்க எழுதினேன்.


ஸ்காபரோவிலிருந்து:

சித்தி சொன்னது சரி. கனடாவில் ஒரு ஆளுக்கு ஒரு ரிக்கெற் என்று சட்டமே இருக்கிறது, அம்மாவுக்கு இரண்டாவது சீற்றுக்குக் காசு கட்டத் தேவையில்லை. டொக்டரிடம் கடிதம் மட்டும் எடுங்கோ.


கறுத்தக்கொழும்பான்:

அண்ணை, பாதிதான் சரி. அந்த மற்றப் பாதியை நம்பி இந்தப் பிள்ளை கட்டுநாயக்காவில் போய் நின்றால் கஷ்டப்படப்போகிறது.

2008 ஜனவரி 10ஆம் திகதி கனடியப் போக்குவரத்து முகமை தீர்ப்புச் சொன்னது. உடற்குறைபாடு காரணமாக உதவியாளர் ஒருவரோடு பயணம் செய்ய வேண்டியவர்களிடமும், பருமனால் ஒரு சீற்றில் இருக்க இயலாத அளவுக்குக் குறைபாடு உள்ளவர்களிடமும் இரண்டாவது சீற்றுக்குக் காசு வாங்கக் கூடாது என்று. எயார் கனடா, எயார் கனடா ஜாஸ், வெஸ்ட்ஜெற் மூன்றுக்கும் ஒரு வருடம் அவகாசம் கொடுத்தார்கள். கம்பனிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின, 2008 நவம்பரில் அந்த நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது, 2009 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது கனடாவுக்குள் பறக்கிற விமானங்களுக்கு மட்டும்! ரொறன்ரோவிலிருந்து வன்கூவர் போனால் செல்லும், கொழும்பிலிருந்து ரொறன்ரோ போனால் செல்லாது. வளைகுடாக் கம்பனிகளை இது தொடவே தொடாது.

இன்னொன்று. பருமன் என்றாலே குறைபாடு என்று கனடியச் சட்டம் சொல்லவில்லை. கல்கரியைச் சேர்ந்த ஒரு பெண்மணி வருடக்கணக்காக வழக்காடி, 2006இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தன் விஷயத்தில் அது பயணத்துக்குத் தடையான குறைபாடுதான் என்று தீர்ப்பு வாங்கினார். ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள். அதனால் டொக்டர் நிரப்பிய படிவம் கம்பனிக்கு முன்கூட்டியே போகவேண்டும். என் மாமியாருக்காக நான் அந்தப் படிவம் நிரப்பி அனுப்பியிருக்கிறேன், வேலை கொஞ்சம் இழுபடும், ஆனால் மரியாதையாக நடந்தது. உங்கள் அண்ணா அம்மாவை அங்கே உள்நாட்டில் எங்காவது கூட்டிப்போக நினைத்தால் இதைக் கட்டாயம் செய்யச் சொல்லுங்கோ. கிளினிக் கொப்பியையும் ஆங்கிலத்தில் ஒரு டொக்டர் கடிதத்தையும் இப்போதே எடுத்து வைப்பது நல்லது.


ஸ்காபரோவிலிருந்து:

நன்றி தம்பி. எனக்கு இந்த உள்நாடு வெளிநாடு வித்தியாசம் தெரியாது. பிள்ளை, மன்னிக்கவும்.


பக்கத்துச் சீற்:

நான் மற்றப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், யாரும் கோபிக்கக் கூடாது. போன வருடம் லண்டனிலிருந்து வரும்போது நடுச் சீற்றில் இருந்தேன். யன்னல் பக்கம் இருந்தவர் நல்ல பெரிய உடம்பு. கைப்பிடியைத் தூக்கிவிட்டார், என் சீற்றில் மூன்றில் ஒரு பங்கு அவருக்குப் போனது, ஏழு மணித்தியாலம் நான் சரிந்தபடி இருந்து வந்து, வீட்டில் இரண்டு நாள் முதுகு நிமிர்த்த முடியாமல் கிடந்தேன். நானும் முழுக்காசு கட்டியவன். அங்கே வேலை செய்தவர்களிடம் சொன்னேன், பிளேன் நிறைந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அன்றைக்கு அந்த மனிதர் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. 2013இல் சமோவா எயார் என்ற சின்னக் கம்பனி ஆளின் நிறைக்கு ஏற்பக் கிலோக் கணக்கில் ரிக்கெற் விற்கத் தொடங்கியபோது, அதுதான் நியாயம் என்று பேஸ்புக்கில் எழுதியவனும் நான்தான்.

இந்தப் பிள்ளை எழுதியதை வாசித்தபிறகு ஒன்று தேடிப்பார்த்தேன். போயிங் 777 வந்த காலத்தில் பெரும்பாலான கம்பனிகள் சாதாரண வகுப்பில் ஒரு வரிசைக்கு ஒன்பது சீற்தான் போட்டன. இப்போது அதே பிளேனில், அதே அகலத்தில், பத்துப் போடுகிறார்கள். 18 அங்குலத்துக்கு மேல் இருந்த சீற் 17 அங்குலமானது இப்படித்தான். என் முதுகு நொந்ததற்கு அந்த ஒரு அங்குலமும் காரணம், அதை எடுத்தது பக்கத்தில் இருந்தவர் இல்லை. அமெரிக்காவில் 2018இல் குறைந்தபட்ச சீற் அளவு ஒன்றை நிர்ணயிக்கச் சொல்லிச் சட்டம் போட்டார்கள், 2022இல் அதுபற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது 26,000 பேருக்கு மேல் எழுதினார்கள். அவ்வளவு பேருக்கு இது நொந்திருக்கிறது.

இருந்தாலும் என் அபிப்பிராயம் மாறவில்லை: ஒரு சீற் காணாது என்று தெரிந்தால் இரண்டு எடுக்க வேண்டும். நீங்கள் எடுக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி.


மானிப்பாய் மகள்:

உங்களோடு கோபமில்லை அண்ணா. அம்மாவும் இதையேதான் சொல்வார், அந்த மனிசன் பாவம் என்றுதான் சென்னையில் இறங்கியதும் முதலில் சொன்னார். எனக்கு உள்ள மனவருத்தம் வேறு. நான் காசு கட்ட வந்து நிற்கிறேன், அதை வாங்குவதற்குக்கூட ஒரு நேரான வழி இல்லை. பொதிக்கு மேலதிக நிறை வாங்க ஒரு பொத்தான் இருக்கிறது, சாப்பாடு மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறது, இதற்கு மட்டும் ஆளாளுக்கு அழைத்து அம்மாவின் நிறையைச் சொல்லிச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. கிலோக் கணக்கில் விற்பது பற்றி: தராசில் ஏறி நின்றுதான் பேத்தியைப் பார்க்கப் போகலாம் என்றால் அம்மா பேத்தியையே வேண்டாம் என்பார்.


வானத்தில் ஒன்பது வருடம்:

தங்கச்சி, நான் வளைகுடாக் கம்பனி ஒன்றில் விமானப் பணிப்பெண்ணாக வேலை செய்து, இப்போது நல்லூரில் பிள்ளைகளோடு இருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு நடந்ததை வாசிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. எக்ஸ்ரென்டர் என்கிற அந்தப் பெல்ற் துண்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு போய், குனிந்து மெதுவாகக் கொடுப்பதுதான் நாங்கள் பழகிய முறை. கத்திக் கேட்பது வேலை தெரியாத வேலை.

ஏறும்போது வாசலில் நிற்கிறவரிடம் நீங்களே தனியாக, "அம்மாவுக்கு எக்ஸ்ரென்டர் வேண்டும், சீற்றுக்குக் கொண்டுவந்து தருவீர்களா" என்று கேளுங்கோ. அதற்குமேல் ஒரு சொல்லும் தேவையில்லை. கடையில் வாங்கிக்கொண்டு போக வேண்டாம், வெளியிலிருந்து கொண்டுவருவதை அனேகமான கம்பனிகள் பாவிக்க விடாது, பிளேனுக்குப் பிளேன் கொழுவி வேறு. முன்கூட்டியே சக்கரக்கதிரை கேட்டுவிடுங்கோ, குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன். அப்படிக் கேட்டால் மற்றவர்களுக்கு முதல் ஏற்றுவார்கள், பிளேன் வெறுமையாக இருக்கும்போதே அம்மா ஆறுதலாகப் போய் இருந்துவிடலாம். எனக்குத் தெரிந்து இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி. ஆட்கள் வந்து நிறையும்போது அம்மா ஏற்கெனவே பெல்ற் போட்டுப் போர்வையும் போர்த்தி இருப்பார், யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

சீற் தெரிவு செய்யும்போது கவனம். கால் நீட்டலாம் என்று முதல் வரிசையையும் அவசர வாசல் வரிசையையும் எடுத்துவிடுவார்கள். முதல் வரிசையில் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடிந்திருக்கும், அதனால் அந்தக் கைப்பிடியைத் தூக்கவே முடியாது, இரண்டு சீற் எடுத்தும் நடுவில் சுவர்போல நிற்கும். அவசர வாசல் வரிசையில் எக்ஸ்ரென்டர் போடுகிறவர்களை இருக்க விடமாட்டார்கள். சாதாரண வரிசை ஒன்றில் மூன்றையும் நீங்களே எடுங்கோ: நீங்கள் ஒன்று, அம்மா இரண்டு. அம்மாவை நடைபாதைப் பக்கம் இருத்துவதுதான் காலுக்கு நல்லது. ஆனால் சில கம்பனிகளில் சக்கரக்கதிரையில் வருகிறவர்களை யன்னல் பக்கம்தான் விடுவார்கள், அதையும் ரிக்கெற் போடும்போதே கேட்டுவிடுங்கோ. நடைபாதைப் பக்கக் கைப்பிடியும் பல பிளேன்களில் தூக்குப்படும். பின்பக்கம் அடியில், கைப்பிடி சீற்றோடு சேருகிற இடத்துக்குக் கிட்ட, விரலால் தட்டுகிற சின்னப் பூட்டு ஒன்று இருக்கும், பணிப்பெண்ணைக் கேட்டால் திறந்துவிடுவார்.

அம்மா தண்ணீர் குடிக்காமல் இருந்தார் என்று எழுதியிருந்தீர்கள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம். சென்னை ஒன்றரை மணித்தியாலம், இது பதினைந்து மணித்தியாலத்துக்கு மேல். கால் வீக்கம் உள்ளவர் தண்ணீரும் குடிக்காமல் அசையாமலும் இருந்தால் காலில் இரத்தம் உறைகிற ஆபத்துக் கூடும். இறுக்கமான காலுறை பற்றியும் மாத்திரை பற்றியும் கிளினிக்கில் கட்டாயம் கேளுங்கோ, நீங்களாக வாங்கிப் போடவேண்டாம். கழிவறைக்குப் பயப்பட வேண்டாம். இரண்டு நடைபாதை உள்ள பெரிய பிளேன்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று சற்றுப் பெரிய கழிவறை ஒன்று பெரும்பாலும் இருக்கும், எது என்று ஏறியவுடன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கோ. சாப்பாடு கொடுத்து முடிந்து விளக்கை அணைத்த பிறகு நடைபாதை வெறுமையாக இருக்கும், அப்போது கூட்டிப்போகலாம்.

வீட்டில் ஒருமுறை பழக்கிப் பாருங்கோ. 17 அங்குலம், அதாவது 43 சென்ரிமீற்றர், இடைவெளி விட்டு இரண்டு மேசைகளை வைத்து நடுவில் கைப்பிடி இல்லாத கதிரை ஒன்றைப் போட்டு அம்மாவை இருத்திப் பார்த்தால், எவ்வளவு இடம் மேலதிகமாகத் தேவை என்று தெரியும். யாரும் பார்க்காமல், உங்கள் வீட்டு விறாந்தையில்.


டவுன் ரிக்கெற்காரன்:

அக்கா சொன்னது எல்லாம் சரி. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து போனால் கொழும்பு வரை பஸ்ஸில் அலைய வேண்டாமே என்று யாராவது கேட்கக்கூடும், அதனால் எழுதுகிறேன். பலாலியிலிருந்து சென்னைக்குப் போவது ஏ.ரி.ஆர். 72, ஒரு பக்கம் இரண்டு சீற் உள்ள சின்ன பிளேன். தரையிலிருந்து படியால்தான் ஏறவேண்டும். பிறகு சென்னையில் இன்னொரு ரிக்கெற், இந்திய விசா, பொதியை எடுத்துத் திரும்பக் கொடுப்பது என்று வரும். உங்கள் அம்மாவின் காலுக்கு அது வேண்டாம். கொழும்புக்கு முதல் நாளே போய் ஒரு இரவு ஆறுதலாக நின்று ஏறுங்கோ.


மானிப்பாய் மகள்:

பதில் எழுதின எல்லோருக்கும் நன்றி. நேற்று டவுனில் ஒரு ஏஜென்சிக்குப் போய் ரிக்கெற் போட்டுவிட்டேன். முழுப் பயணமும் ஒரே கம்பனி. அம்மாவின் குடும்பப் பெயரில் அந்தக் குறியோடு இரண்டாவது ரிக்கெற் அடித்துத் தந்தார்கள், போகவும் வரவும் நாலு பயணத்துக்கும் உறுதி என்று கம்பனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது, அதைப் பிரின்ற் எடுத்து வைத்திருக்கிறேன். விலை முதல் சீற்றைவிடக் கொஞ்சம்தான் குறைவு. சக்கரக்கதிரையும் போட்டாயிற்று. அம்மாவை நடுவிலும் யன்னல் பக்கமும் விட்டு, என்னை நடைபாதைப் பக்கம் போட்டிருக்கிறார்கள், கம்பனியின் விதி அப்படியாம்.

பின்னேரம் விறாந்தையில் மேசை வைத்துப் பார்த்தோம். அம்மா முதலில் மாட்டேன் என்றார், பிறகு கேற்றைப் பூட்டிவிட்டு வரச்சொல்லி இருந்து பார்த்தார். ஐந்து அங்குலம்தான் காணாது. இவ்வளவும்தானா என்று இரண்டு தரம் கேட்டார். மூன்று வருடமாகத் தன்னைப் பெரிய பாறை மாதிரி நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை கிளினிக், காலுறை பற்றிக் கேட்கிறோம்.


டவுன் ரிக்கெற்காரன்:

நல்லது தங்கச்சி. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கட்டுநாயக்காவில் அம்மாவின் பெயரில் இரண்டு போர்டிங் பாஸ் தரவேண்டும், கேட்டு வாங்குங்கோ. ஏறுகிற வாசலில் இரண்டையும் ஸ்கேன் பண்ணவேண்டும். ஒன்றை மட்டும் ஸ்கேன் பண்ணினால் மற்றச் சீற்றை வெறுமை என்று நினைத்து யாரையாவது கொண்டுவந்து இருத்திவிடுவார்கள். மாறி ஏறுகிற இடத்திலும் இதேதான்.